குதிரைக்கே நம்ம ஓட்டு

தம்பி, அந்தக் குதிரைய இப்பத் தொடாதீங்க.

ஒண்ணுமில்லீங்க, நீங்க பாட்டுக்கு வெளையாடுங்க. செல்லை எட்டிப் பாக்கறானேன்னு நெனச்சுக்காதீங்க. பக்கத்துப் பக்கத்து சீட்டு, கண்ணு தானாப் போயிருது. எனக்கு செஸ்ஸு கொஞ்சங் கொஞ்சந்தான் தெரியும், அதுவும் போன மாசிக்கப்பறந்தான். ஆனா குதிரையப் பத்தி மட்டும் நீங்க எங்கிட்டத்தான் கேக்கோணும். ஒத்தக் குதிரைய வெச்சு ஒரு கிராண்ட்மாஸ்டரையே ஒரு நாள் பூராம் முழிக்க வெச்சவன் நானு. சிரிக்கறீங்க பாருங்க. செல்லை உள்ள வையுங்க, சொல்றேன். சேவூரே இன்னும் வரல, கோயமுத்தூரு போறதுக்கு நேரங் கெடக்குது.

பேரு சென்னியப்பனுங்க. ஊரு நம்பியூரு. பஸ் ஸ்டாண்டுக்குப் பொறகால சவுண்டு சர்வீஸ் வெச்சிருக்கறேன். காதுகுத்து, கல்யாணம், எழவு, கோயில் நோம்பி, எதா இருந்தாலும் நம்ம செட்டுத்தான். ஆனா அதெல்லாம் வயித்துப் பொழப்புங்க. நம்ம உசுரு எங்க இருக்குதுன்னா எலெக்‌ஷன்ல. ஆட்டோவுல மைக்கக் கட்டிக்கிட்டு வார்டு வார்டா "அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே"ன்னு ஆரம்பிச்சம்னா, அடுப்புல பால் பொங்குனாலும் விட்டுப்போட்டு பொம்பளைங்க வெளிய வந்து நிப்பாங்க. கட்சிக்காரங்களுக்கு நான் போறதில்ல, அவங்களுக்கு ஆளுக நெறைய. சுயேச்சைக்குத்தான் செய்வேன். பூட்டு சாவிக்குச் செஞ்சிருக்கறேன், கட்டிலுக்குச் செஞ்சிருக்கறேன், சீப்புக்குச் செஞ்சிருக்கறேன். ஜெயிச்சாங்களான்னு மட்டும் கேக்காதீங்க. ஜெயிக்கறது அவங்கவங்க தலையெழுத்து. சின்னத்த மனசுல பதிய வெக்கறதுதான் நம்ம வேலை. இன்னைக்கும் நம்பியூருல போயிக் கேளுங்க, அந்த சீப்பு வேட்பாளரு பேரு ஒருத்தருக்கும் ஞாபகமிருக்காது. சீப்பு ஞாபகமிருக்கும்.

என்ற சம்சாரம் பேரு கோகிலவாணி. எங்கூருலயே ஒரு பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சரு. காலேஜ்ல படிக்கறப்ப செஸ்ஸு ஆடுனவளாமுங்க. மெட்ராசுல ஏதோ யூனிவர்சிட்டி ஆட்டத்துக்கு அவளப் பொறுக்கி எடுத்து, ரயில் டிக்கெட்டெல்லாம் போட்டாச்சாம். அந்தத் தேதியிலதான் எங்க நிச்சயம் வந்துச்சு. நாளும் அப்பிடி நல்ல நாளு, அத விட்டா ஆடி தாண்டித்தான். அதனால போகல. அதனாலென்னங்க, கல்யாணம் ஜாம் ஜாம்னு நடந்துச்சு, ஒரு பொண்ணு, அதும் ஓசூருல வேலைக்குப் போயிருச்சு. அப்பறம் எங்கூட்டுல செஸ்ஸுப் பேச்சே இல்ல. கைக்கு செல்லு வந்ததுக்கப்பறந்தான் மறுக்காவும் ஆரம்பிச்சா. பாத்திரமெல்லாங் கழுவிக் கவுத்துப்போட்டு செல்லை எடுத்துக்கிட்டு உக்காந்துக்குவா. எந்தூருக்காரனோ எவனோ, அவங்கூட ஆடுவா. நடுவால எங்கிட்ட எதாச்சும் சொல்லுவா. நான் டிவி பாத்துக்கிட்டே ம்ம் ம்ம்னுக்குவேன். இத்தன வருசக் குடும்பத்துல ஒரு சண்டை சச்சரவு இல்லீங்க, பாத்துக்கங்க.

இப்பிடி இருக்கறப்ப, அந்த செஸ்ஸு ஆடற வெப்சைட்டுல ஒரு அறிவிப்பு வந்துச்சு. ஓல்சாக்னு ஒரு வெள்ளைக்கார கிராண்ட்மாஸ்டரு. அவரு ஒரு பக்கம், உலகம் பூராம் இன்னொரு பக்கம். அவருக்கு வெள்ளைக் காயி, உலகத்துக்குக் கறுப்பு. அவரு ஒரு மூவு வெப்பாரு. அதுக்குப் பதிலா என்ன வெக்கலாம்னு உலகத்துல யாரு வேணாலும் சொல்லலாம், ஏன்னு காரணமும் எழுதலாம். மறுநா ராத்திரி வரைக்கும் அல்லாரும் ஓட்டுப் போடுவாங்க. எதுக்கு ஓட்டு சாஸ்தியோ அந்த மூவத்தான் பலகையில வெப்பாங்க, அதச் சொன்னவங்க பேரையும் கீழ போடுவாங்க. அப்பறம் அவரு ஒரு மூவு. இப்பிடியே தெனத்துக்கும் போகும்.

கோகிலா தெனமும் எழுதுவா. பள்ளிக்கூடத்துல மத்தியானம் சோத்துப் போசியத் தொறந்து வெச்சுக்கிட்டு, இந்தக் காயி ஏன் இங்க போகோணும், போனா அவரு என்ன செய்வாரு, அதுக்கு நாம என்ன செய்யலாம்னு இங்கிலீசுல ஒரு பக்கத்துக்கு எழுதுவா. ஓட்டு விழுகோணுமில்ல? கைவிரல்ல எண்ணிப்போடலாம். அந்தப் பக்கம் அமெரிக்காக்காரன் ஒருத்தன், யூட்டியூப்ல கத்திக் கத்திப் பேசறவன், ஒரு வரி எழுதுவான். காரணங்கூட எழுத மாட்டான். மடமடன்னு ஆயிரக்கணக்குல விழுகும். அவன் சொன்ன மூவுதான் பலகையில ஏறும். அப்பிடியே போயி உலகத்தோட நெலம மோசமாயிருச்சு. எங்கூட்டு ரசத்தோட நெலமையும் மோசமாயிருச்சுங்க. ஒரு நாளு உப்பே இல்ல, ஒரு நாளு உப்பு மட்டுந்தான்.

என்ன சீக்கான்னு கேட்டேன். அன்னைக்குத்தான் இந்தக் கதையெல்லாஞ் சொன்னா. சொல்லிப்போட்டு, "என்ற மூவு ஒண்ணே ஒண்ணு அந்தப் பலகையில ஏறுனாப் போதுங்க. நான் எழுதுனத நாலு பேரு படிச்சுப் பாத்து, ஆமா, இந்தம்மா சொல்றது நாயந்தான்னு நெனைக்கோணும்"னா. கண்ணு கலங்கியிருச்சு. வயசு நாப்பத்தஞ்சாகுது, செஸ்ஸுக்குப் போயி அழுகறாளேன்னு எனக்கு ஒரு மாதிரியாப் போச்சு.

ஆனா அதவிட, அவ சொன்னதுல ஒரு வார்த்த எம் மண்டைக்குள்ள டிங்குனு அடிச்சுதுங்க. ஓட்டு. இத்தன நாளு இத எதோ வெளையாட்டுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். ஓட்டுப் போட்டு ஜெயிக்கறதுக்குப் பேரு வெளையாட்டா, எலெக்‌ஷனா? நீங்களே சொல்லுங்க. இத மொதல்லயே சொல்லியிருந்தா அந்த அமெரிக்காக்காரனுக்கு டெபாசிட்டே கெடைச்சிருக்காது. எடுத்த எடுப்புல அவகிட்ட, "இன்னைக்கு உன்ற சின்னம் என்ன?"ன்னு கேட்டேன். சின்னமெல்லாம் இல்ல, குதிரைய நடுப்பலகைக்குத் தாண்ட வெக்கச் சொல்லி எழுதியிருக்கறேன்னா. எதுக்குக் கேக்கறீங்கன்னா. சும்மாதான்னேன். "உங்க வேலையெல்லாம் இதுல காட்டிப்போடாதீங்க"ன்னா. நான் எதுக்குக் காட்டறேன்னேன்.

குதிரை, தம்பி. இப்பல்லாம் பிராணிகள சின்னமாக் குடுக்கறதில்ல. சீப்பு, கட்டிலு, கைப்பையின்னு உசுரில்லாததையே குடுத்துக் குடுத்து என்ற தொண்டையே காஞ்சு போயிருந்துச்சு. மொதத் தடவையா உசுருள்ள சின்னம். எனக்குக் கையுங் காலும் நிக்கல.

அப்ப எங்கூரு மாரியம்மன் நோம்பி. கோயில்ல கம்பம் நட்டு, தெனமும் சாயங்காலமானா கம்பத்தச் சுத்தி ஆடுவாங்க. மைக்கு நம்மளுது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவால போட்டேன் பாருங்க: அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே, நம்மூருப் பொண்ணு, நம்ம கோகிலவாணி டீச்சரு, உலக அரங்கத்துல ஒரு வெள்ளைக்காரர எதுத்து நிக்கறாங்க, சின்னம் குதிரை, மறந்துறாதீங்க குதிரை. எங்கூடு ஊருக்கு அந்தக் கடேசி, மைக்கு அங்க கேக்காது, டீச்சரம்மாகிட்ட மட்டும் மூச்சு வுடப்படாதுன்னு அல்லாருகிட்டயுஞ் சொல்லி வெச்சேன். கோயிலுக்கு வெளிய ஒரு டேபிளப் போட்டு, செல்லுல கணக்குத் தொறந்து குடுக்கறதுக்கு நம்ம கடைப் பசங்கள உக்கார வெச்சேன். காலையில திருப்பூருக்குப் போற பனியன் கம்பெனி வேனுல ஏறிக்கிட்டேன். திருப்பூரு எறங்கறதுக்குள்ள வேன் பூராம் ஓட்டுப் போட்டாச்சு. தறிக்காரங்க, சமையல்காரங்க, மஸ்கட்டுல இருக்கற மச்சினன், அவங்கூட ரூம்புல இருக்கற கேரளாக்காரரு, அல்லாரும். ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டுத்தானுங்க. கள்ள ஓட்டுப் போட்டம்னு ஒருத்தன் நாக்கு மேல பல்லுப் போட்டுப் பேச முடியாது. அந்தப் பக்கத்துல மூவுகளைப் படம் போட்டுக் காட்டியிருப்பான். குதிரைப் படத்தப் பாத்தாங்க, அமுக்குனாங்க. என்ன ஏதுன்னு ஒருத்தருங் கேக்கல. நம்ம சனங்க நம்புனா அப்பிடித்தான்.

ஜெயிச்சம்ங்க. அமெரிக்காக்காரன் கிட்டக்கூட வர முடியல. பலகையில குதிரை, கீழ கோகிலவாணி, இந்தியா.

அன்னைக்கு அவ மொகத்தப் பாத்திருக்கோணும் நீங்க. பள்ளிக்கூடத்துல டீச்சருங்களுக்கெல்லாம் மைசூர்பாக் வாங்கிக் குடுத்திருக்கறா. ஓசூரு பொண்ணுக்குப் போன் போட்டு, உலகம் பூராம் நான் எழுதுனதப் படிச்சிருக்குதுடீங்கறா. குதிரை அங்க போனா என்னாகும்னு நான் எழுதுன மூணாவது பத்தியத்தான் புடிச்சிருக்கோணும்ங்கறா. எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு. வாயத் தொறக்கலைங்க. வேட்பாளரு சந்தோசமா இருக்கறப்ப, வேலை செஞ்சவன் குறுக்க போயி நானாக்கும்னு நிக்கப்படாது. அது எங்க தொழில்ல ஒரு மொறை.

இங்கதான் தம்பி ஒரு சின்னச் சிக்கலு. எந்த எலெக்‌ஷன்லயும் ஒருக்கா ஓட்டுப் போட்டா முடிஞ்சுது, அப்பறம் அஞ்சு வருசத்துக்கு யாரும் யாரையுங் கேக்கறதில்ல. இது தெனமும் எலெக்‌ஷனுங்க. அது எனக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. நானும் சொல்ல மறந்துபோட்டேன். மறுநா கோகிலா யானைய நகர்த்தச் சொல்லி எழுதுறா. எங்காளுக செல்லத் தொறந்து பாத்தா அங்க அஞ்சாறு படம் இருக்குது, அதுல ஒரு குதிரையும் இருக்குது. போன எடத்துல இருந்து திரும்பி வந்த எடத்துக்கே வர்ற மாதிரி, எவனோ கேலிக்குப் போட்டு வெச்சது. சின்னம் நம்ம சின்னமில்ல? ஒரு ஓட்டு தப்பாம அத்தனையுங் குதிரைக்கு. வேன்காரங்க சாயங்காலம் எனக்குப் போனப் போட்டு, "அண்ணா, இன்னைக்கும் அத்தனை பேரும் ஒட்டுக்காப் போட்டுட்டம், கவலைப்படாதீங்க"ங்கறாங்க.

தாண்டுன குதிரை திரும்பி வந்து லாயத்துல நிக்குது.

உலகம் கொந்தளிச்சுப் போச்சாமுங்க. யாரிந்தப் பைத்தியக்காரங்கன்னு போலந்துக்காரங்க கேக்கறாங்க, பிரேசில்காரங்க கேக்கறாங்க. கோகிலா யாரு போட்டதுன்னு ஓட்டுப் போட்டவங்க பேரப் பாத்திருக்கறா. நம்பியூர் குதிரை அணி. குதிரை வாழ்க. கம்பத்தாட்டம் நண்பர்கள். அதுக்குக் கீழ சென்னியப்பன் சவுண்டு சர்வீஸ், போன் நம்பரோட. வெளம்பரமாச்சும் ஆகட்டுமேன்னு நாந்தான் போட்டிருந்தேன். மொத நாளு ஓட்டையும் எடுத்துப் பாத்திருக்கறா. அதே ஆளுக.

ஊட்டுக்குப் போனா, செல்ல மேசை மேல வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறா. கத்துவான்னு நெனச்சேன். கத்துனா எனக்கு வழி தெரியும், எதுத்துக் கத்தலாம். மெதுவாக் கேட்டா. "அப்ப நான் எழுதுனத ஒருத்தருமே படிக்கலைங்களா?"

நான் உள்ளதச் சொன்னேனுங்க. "படிச்சா என்ன, படிக்காட்டி என்ன? ஜெயிச்சுப்போட்டமில்ல?"

அதுக்கப்பறம் பேச்சு இல்ல. சோறு போடறா, கொழம்பு ஊத்தறா, மொகத்தப் பாக்கறதில்ல. செஸ்ஸும் எழுதறதில்ல. ரசத்துல உப்புக் கணக்கா இருந்துச்சு, அதுதான் எனக்குப் பயமாப் போச்சு. நீங்களே சொல்லுங்க தம்பி, இதுல நான் செஞ்ச தப்பு என்ன? ஒரு மூவு பலகையில ஏறோணும்னா, ஏத்திக் குடுத்தேன். பொண்டாட்டிக்கு நகை வாங்கிக் குடுக்கறவன் இருக்கறான், நான் உலகத்தையே வளைச்சுக் குடுத்தேன். அதுக்கு இந்த மரியாதை.

இதுக்கு நடுவால, நம்ம கிராண்ட்மாஸ்டரு ஒரு நாளு பூராம் எடுத்துக்கிட்டாருங்க. எப்பவும் வெரசா ஆடறவரு, அன்னைக்கு கடேசி நிமிசம் வரைக்கும் ஆடல. குதிரை எதுக்குத் திரும்பிப் போச்சுன்னு அவருக்கு வெளங்கல. அடிக்க வந்தவரு அடிக்காம, ஒரு சிப்பாயத் தள்ளி வெச்சுக்கிட்டுப் பதுங்கிட்டாரு.

சேரி, ஊர நிப்பாட்டோணுமேன்னு சாயங்காலம் மைக்கப் புடிச்சேன். பெருமக்களே, குதிரைக்குப் போட்டது போதும், இனிமேலுக்குக் குதிரைக்குப் போடாதீங்கன்னேன். ஓட்டுக் கேக்கறதுல எனக்குப் பழக்கமிருக்குது. ஓட்டுப் போடாதீங்கன்னு கேட்டு எனக்குப் பழக்கமில்ல. சனமெல்லாம் ஆட்டத்த நிப்பாட்டிப்போட்டு என்னைய ஒரு பார்வ பாத்தாங்க. "அந்த வெள்ளைக்காரன் பக்கம் சாஞ்சுட்டியா சென்னியப்பா?"ன்னாரு ஒருத்தரு. தறிக்காரம்மா ஒருத்தி, நீ வேணா கட்சி மாறு, நாங்க டீச்சரம்மாளுக்குத் துரோகம் பண்ண மாட்டம்னுட்டுப் போயிட்டா. எத்தனை வருசம் தொண்டை கிழியக் கத்தியிருக்கறேன், ஒரு சின்னம் இவ்வளவு ஆழமாப் பதிஞ்சதில்லீங்க. அந்த வருத்தத்துலயும் எனக்கு ஒரு பெருமதான்.

வேற வழியில்லாம ஊட்டுக்கு வந்து கோகிலாகிட்ட நின்னேன். நான் சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க, நீ வந்து சொன்னாத்தான் உண்டு, இல்லாட்டி நாளைக்கும் குதிரை எங்கயாச்சும் ஓடும், அப்பறம் அந்தப் போலந்துக்காரங்க பாவம் உன்னையத்தான் புடிக்கும்னேன். பாத்திரமெல்லாங் கழுவிக் கவுத்துப்போட்டுத்தான் திரும்புனா. "உங்களுக்காக இல்லீங்க. அந்த ஆட்டத்துக்காக வர்றேன்"னா.

மறுநா நாயித்துக்கெழம சாயங்காலம், கோயில் பந்தல்ல நம்ம பெரிய ஸ்கிரீன வெச்சு அதுல அந்தப் பலகையப் போட்டுவுட்டேன். கோகிலா மைக்கப் புடிச்சா. மொதல்ல வாயிக்கு ஒரு மொழம் தள்ளியே வெச்சிருந்தா. டீச்சருதான், ஆனா ஊரு முன்னால நின்னு பேசுனதில்லையில்ல. அப்பறம் வேகம் புடிச்சா பாருங்க. யானை எப்பிடிப் போகும், மந்திரி எப்பிடிக் கோணையாப் போகும், நம்ம ராஜா எங்க மாட்டிக்கிட்டு நிக்கறாரு, அந்தக் கிராண்ட்மாஸ்டரு எந்தப் பக்கமிருந்து வருவாரு. ஒவ்வொண்ணா, நம்ம பேச்சுலயே. இன்னைக்கு நாம நம்ம மந்திரியக் குடுத்து அவரு குதிரையத் தீத்துப்போடோணும், அதான் என்ற மூவுன்னா. அதுல ஒரு நட்டமும் இருக்குது, கறுப்புக் கட்டத்துல நடக்கற மந்திரி நமக்கு இது ஒண்ணுதான், ஆனாலும் அந்த நட்டம் தாங்கும்னு அதையும் மறைக்காமச் சொன்னா. நான் மைக் செட்டுக்குப் பக்கத்துல நிக்கறேன். சவுண்டு பாத்துக்கோணுமில்ல, அதனால எங்கயும் போக முடியல, அத்தனையுங் கேக்க வேண்டியதாப் போச்சு.

கல்யாணத் தரகரு பொங்கியண்ணன் எந்திரிச்சாரு. சின்ன வயசுல அவரும் ஆடுனவராம், எங்களுக்கே தெரியாது. டீச்சரம்மா, தப்புன்னாரு. கறுப்புக் கட்டத்துக்குன்னு கைல இருக்கற ஒரே மந்திரிய எடுத்துக் குடுத்துப்போட்டு அப்பறம் என்ன பண்றது, அதுக்கு ராஜா பக்கத்துச் சிப்பாய ஒரு கட்டம் முன்னால தள்ளுங்க, அவரு குதிரை தானாத் திரும்பிப் போவும்னாரு. கோகிலா இல்லைங்கறா. அவரு ஆமாங்கறாரு. அவ ஸ்கிரீனுல காட்டறா, அவரு எந்திரிச்சு வந்து விரல வெச்சுக் காட்டறாரு. தறிக்காரம்மா நடுவால பூந்து, யானை சும்மாதான நிக்குது, அத ஏன் ஒருத்தருங் கேக்க மாட்டேங்கறீங்கங்கறா. பாட்டுப் போடற நேரம் தாண்டியும் சண்டை முடியல. கம்பம் ஆட வந்தவங்க சலங்கையோட நின்னு கேக்கறாங்க. நான் ஓரமா நின்னு மனசுக்குள்ள நொந்துக்கிட்டேன். பிரச்சாரக் கூட்டத்துல எதுத்துப் பேச வுட்டா ஓட்டுச் செதறும்ங்கறது சின்னப் புள்ளைக்குங்கூடத் தெரியும்.

செதறுச்சுங்க. கொஞ்சம் மந்திரிக்கு, கொஞ்சம் சிப்பாய்க்கு, கொஞ்சம் யானைக்கு. பழைய விசுவாசத்துல கொஞ்சம் குதிரைக்கு. ஒரே ஊருல ஓட்டு இப்பிடி நாலாப் பொளந்து நான் பாத்ததே இல்ல. வெளிநாட்டுலயும் அந்தச் சிப்பாயச் சொன்னவங்க இருந்திருக்கறாங்க, அதுதான் ஜெயிச்சுது. என்ற சம்சாரம் உலகத்துலயும் தோத்தா, சொந்த ஊருலயும் தோத்தா. சீப்புகூட எங்க வார்டுல இப்பிடித் தோக்கல.

ஆட்டம் என்னாச்சுன்னு கேக்கறீங்க, அதச் சொல்லிப்போடறேன். இன்னும் ரெண்டு மாசம் நடந்து, கடேசியில சமனாப் போச்சு. உலகம் தோக்காமத் தப்பிச்சுது. கிராண்ட்மாஸ்டரு பேட்டி குடுத்தாரு, கோகிலாதான் படிச்சுக் காட்டுனா. நடுவால அந்தக் குதிரை திரும்பிப் போன எடந்தான் என்னையக் கொழப்பிப்போட்டுது, அதுக்குப் பின்னால எதோ ஆழமான திட்டமிருக்குதுன்னு பயந்துதான் அடிக்காம வுட்டேன்னு சொல்லியிருக்காரு. ஆழமான திட்டமாமுங்க. அந்தத் திட்டம் பூராம் எங்கூரு வேனுல போட்டது. ஆனா பேட்டியில எம் பேரு வரல. பரவால்ல, வேலை செஞ்சவன் பேரு எங்கதான் வந்திருக்குது.

அந்த நாயித்துக்கெழமைய நான் இன்னும் முடிக்கல. ஓட்டு முடிஞ்சு பந்தலு காலியாச்சு. ஊட்டுக்குப் போக எனக்குக் காலே வரல. ஏன்னா தம்பி, ஒண்ணு இருக்குது, ஒருத்தருகிட்டயுஞ் சொல்லாதீங்க. ஓட்டு முடியறதுக்கு முந்தி நானும் செல்லத் தொறந்தேன். மந்திரிப் படத்துக்கு மேல விரலக் கொண்டு போனேன். போனேன், அமுக்க முடியல. அவ பேசுன அத்தனையுங் கேட்டுத் தொலைச்சுப்போட்டனே. என்னதான் பொண்டாட்டின்னாலும், ஓட்டுன்னா ஓட்டுத்தான? கண்ண மூடிக்கிட்டுச் சிப்பாய அமுக்கிப்போட்டேன்.

போனா வாசல்லயே நிக்கறா. மூணு நாளா மொகங் குடுத்துப் பேசாதவ, மொதல் கேள்வியே, "நீங்க எதுக்குப் போட்டீங்க?"ன்னா. ரகசிய ஓட்டுன்னு சொல்லலாம்னு பாத்தேன், அதுலதான் பேரு வெளிய தெரியுதே. வாயில பொய்யி வரல. சிப்பாய்க்குன்னேன்.

அப்பிடியே என்னையப் பாத்தா. "ஏன்?"

"நீதான சொன்னே, கறுப்புக் கட்டத்துல நடக்கற மந்திரி நமக்கு அது ஒண்ணுதான்னு. அதையுங் குடுத்துப்போட்டா, ராஜாவச் சுத்தி இருக்கற கறுப்புக் கட்டத்துக்கெல்லாம் யாரு காவலு? நட்டம் தாங்கும்னு நீ சொன்னது எனக்கு நாயமாப் படல."

போச்சுடா சாமின்னு நெனச்சேன். சிரிச்சா பாருங்க தம்பி, அப்பிடிச் சிரிச்சா. கதவப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கறா, சீலை முந்தானையில கண்ணத் தொடைச்சுத் தொடைச்சுச் சிரிக்கறா. "கேட்டிருக்கீங்க"ங்கறா. "நான் சொன்னதக் கேட்டிருக்கீங்க"ங்கறா. திரும்பத் திரும்ப அதையே சொல்றா. அப்பறம் உள்ள போயி, தாங்கும் தாங்காதுன்னு காட்டறேன் வாங்கன்னு, தட்டுல சோத்தப் போட்டுக்கிட்டே அந்தக் கறுப்புக் கட்டத்துக்கு எங்கூடச் சண்டைக்கு வர்றா.

எனக்கு இன்னும் வெளங்கலீங்க. ஊரையே தெரட்டி ஜெயிக்க வெச்சதுக்கு மூணு நாளு மொகம் குடுக்கல. கட்டுன புருசனே எதுத்து ஓட்டுப் போட்டுத் தோக்கடிச்சதுக்கு, பள்ளிக்கூடத்துல அத்தனை டீச்சருங்ககிட்டயும் போயி, எங்கூட்டுக்காரரு எனக்குப் போடலையேன்னு பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரியறா. பொங்கியண்ணன் வாராவாரம் ஊட்டுக்கு வந்து ஒக்காந்துக்கறாரு. அந்த நாயித்துக்கெழமைக்கு மறுநாளே, பள்ளிக்கூடம் விட்டு வர்றப்ப ஒரு செஸ்ஸுப் பலகைய வாங்கிக்கிட்டு வந்து, எனக்கு எதுக்க வெச்சு உக்காந்தா. இப்ப தெனமும் ஆடறமுங்க. தெனமும் நாந்தான் தோக்கறேன், ஏன் தோத்தேன்னு அவ சொல்லச் சொல்ல, அது அப்பிடியில்லைன்னு நானும் சண்டைக்குப் போயிடறேன்.